கணனி விளையாட்டுக்களும் நம் பிள்ளைகளும்

கணனி விளையாட்டு எனும் ஒரே பெயரால் நாம் பலவற்றை அழைக்கின்றோம். ஆயின் அவை யாவும் ஒரே தன்மையன அல்ல. பெற்றோர் சிலர் அனைத்தையும் தடுக்கின்றனர். சிலர் அனைத்தையும் அனுமதிக்கின்றனர். இரண்டும் ஆராயாது எடுக்கும் முடிவுகளே.

1984 இல் மொஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் உருவாக்கிய 'டெட்ரிஸ்' கண்ணுக்கும் கைக்கும் விரைந்த பயிற்சி தருவது. ஆனால் நிறுத்தும் வேளையை ஆடுபவரே தீர்மானித்தல் வேண்டும். சுவீடனில் உருவாகி 2011 இல் முழுமையாக வெளிவந்த 'மைன்கிராஃப்ட்' கட்டியெழுப்பும் கற்பனையை வளர்க்கின்றது. முன்பின் அறியாதாரோடு இணையவழி ஆடுகையில் கவனம் தேவை. உதைபந்தாட்ட விளையாட்டுக்கள் நண்பரோடு கூடி மகிழ உகந்தவை. எனினும், எந்த வீரர் கிடைப்பார் என்று அறியாமலே பணம் கொடுத்து வாங்கும் பொதிகள் சூதாட்டத்தின் சாயல் கொண்டவை. எடின்பரோவில் உருவாகி 2013 இல் வெளிவந்த 'கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ 5' தொழில்நுட்பத்தில் வியக்கத்தக்கது. ஆயினும் அது 18 வயது நிரம்பியோர்க்கே உரியது.

பெட்டியின் மீதுள்ள 3, 7, 12, 16, 18 எனும் எண்கள் விளையாட்டின் கடினத்தைக் குறிப்பன அல்ல. உள்ளடக்கம் எவ்வயதினர்க்கு ஏற்றது என்பதையே குறிப்பன. 12, 16, 18 எனக் குறிக்கப்பட்டவற்றை அவ்வயதிற்குக் குறைந்தோர்க்குக் கடைகளில் விற்பது 2012 முதல் இந்நாட்டில் குற்றமாகும். கடைக்காரர் விற்க மறுப்பதைப் பெற்றோரே வாங்கிக் கொடுத்தால் அச்சட்டத்தால் பயன் யாது?

பெற்றோரே, வாங்குமுன் அவ்வெண்ணைப் பாருங்கள். பிள்ளையின் அருகில் அமர்ந்து ஒரு முறையேனும் ஆடிப் பாருங்கள். மாணவர்களே, நீங்கள் ஆடும் விளையாட்டை அம்மம்மாவுக்குத் தமிழிலே விளக்கிப் பாருங்கள். விளக்க முயலுந்தோறும் மொழி வளரும். விளக்க நாணும் விளையாட்டாயின் அதனை விடுவதே நன்று.