பி.எட். கல்லூரியின் மூன்று முத்திரைகள்

தமிழ்நாட்டில் பி.எட். கல்லூரிகளின் விளம்பரங்களில் கல்லூரிப் பெயருக்குக் கீழே வழக்கமாகச் சில வரிகள் இருக்கும். ‘என்.சி.டி.இ. அங்கீகாரம் பெற்றது’, ‘தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டது’. சில கல்லூரிகள் ‘நாக் தரச்சான்று பெற்றது’ என்பதையும் சேர்த்துக்கொள்ளும். மூன்றும் ஒன்றையே சொல்வதாகப் பெற்றோர் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் மூன்றையும் தருவது மூன்று வெவ்வேறு அமைப்புகள். அவை பார்ப்பதும் வேறு வேறு.

என்.சி.டி.இ. என்பது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம். நாடாளுமன்றம் 1993இல் இயற்றிய சட்டத்தின்படி அமைந்து, 1995 முதல் இயங்கிவருகிறது. இதன் அங்கீகாரம் இல்லாமல் ஆசிரியர் பயிற்சிப் படிப்பை நடத்த முடியாது. அங்கீகாரம் கல்லூரிக்கு மொத்தமாகக் கிடைப்பதும் இல்லை. இந்தப் படிப்புக்கு இத்தனை இடம் என்று கணக்கிட்டே தரப்படுகிறது. பி.எட். நடத்தும் கல்லூரி எம்.எட். தொடங்க விரும்பினால் தனியே அனுமதி வாங்க வேண்டும்.

அங்கீகாரத்துக்கு என்ன பார்க்கிறார்கள்? பெரும்பாலும் எண்ணக்கூடியவற்றை. பி.எட்.டில் ஒரு ‘யூனிட்’ என்பது 50 மாணவர்கள். இரண்டு யூனிட் நடத்த, 2014ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, முதல்வரையும் சேர்த்து 16 முழுநேர ஆசிரியர்கள் வேண்டும். நிலம், கட்டடம், நூலகம், ஆய்வகம் ஆகியவற்றுக்கும் இப்படியே அளவு உண்டு. இந்த விதிமுறைகளுக்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களுக்கு அங்கீகாரம் வழங்கிய விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையில் ஆணையம் அமைந்து, 2012இல் அறிக்கை தந்தது. ஓராண்டுப் படிப்பாக இருந்த பி.எட். 2015-16 முதல் இரண்டாண்டு ஆனது அதன் தொடர்ச்சிதான்.

அங்கீகாரம் பறிபோனால் படித்துக்கொண்டிருப்பவர் கதி என்ன? சட்டம் இதை யோசித்திருக்கிறது. ரத்து உத்தரவு கைக்கு வந்த உடனே நடைமுறைக்கு வராது. அதற்கு அடுத்த கல்வியாண்டின் முடிவில்தான் வரும். அதன் பிறகு அங்கே படித்துப் பெறும் பட்டம் அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியிலோ வேலைக்குத் தகுதியாகாது.

இணைப்பைத் தருவது பல்கலைக்கழகம். தமிழ்நாட்டில் 2008இல் ஆசிரியர் கல்வியியலுக்கென்றே தனிப் பல்கலைக்கழகம் வந்தது. பாடத்திட்டம், தேர்வு, பட்டம் எல்லாம் அதன் பொறுப்பு. என்.சி.டி.இ. அங்கீகரிக்கும் முன் பல்கலைக்கழகம் ஒரு கல்லூரியை இணைத்துக்கொள்ளக் கூடாது என்பது சட்டம்.

இந்த இரண்டும் இல்லாமல் கல்லூரியை நடத்த முடியாது. ஆனால் இரண்டும் இருப்பதால் மட்டும் கல்லூரி நன்றாக நடக்கிறது என்று சொல்லிவிட முடியாது. அந்தக் கேள்வியைக் கேட்பது நாக் எனப்படும் தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்றுக் குழு. பல்கலைக்கழக மானியக் குழு 1994இல் அமைத்த இதன் தலைமையகம் பெங்களூரில் இருக்கிறது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளுக்கென்று இது தனிக் கையேடு வைத்திருக்கிறது.

இங்கே வேலை கல்லூரியிடமிருந்து தொடங்குகிறது. ஏழு அளவுகோல்களின் கீழ் தன்னைப் பற்றித் தானே ஓர் அறிக்கை எழுதிச் சான்றுகளோடு அனுப்ப வேண்டும். எண்களாக உள்ள தகவல்கள் தனியே சரிபார்க்கப்படும். மாணவர்களிடம் கருத்து கேட்கப்படும். மற்றவற்றை நிபுணர் குழு மதிப்பிடும். எல்லாம் சேர்ந்து 4க்கு ஒரு சராசரி வரும். 3.51 அல்லது அதற்கு மேல் வந்தால் ‘ஏ பிளஸ் பிளஸ்’, 1.50 வரை என்றால் தரச்சான்றே இல்லை. கிரேடு பொதுவாக ஐந்தாண்டுக்குச் செல்லும். கிரேடுகளைக் கைவிட்டு, ‘உண்டு’, ‘இல்லை’ என்று மட்டும் சொல்லும் முறைக்கு மாறப்போவதாக நாக் 2024இல் அறிவித்தது. 2025 பிப்ரவரியில், ஆந்திரத்தின் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு நல்ல கிரேடு தர லஞ்சம் வாங்கிய குற்றச்சாட்டில் நாக் ஆய்வுக் குழுவினரை சி.பி.ஐ. கைது செய்தது. மதிப்பிடுபவரை யார் மதிப்பிடுவது என்ற பழைய கேள்வி அப்போது மறுபடி எழுந்தது.

முறைகேடு இல்லாத இடத்திலும் ஒரு சிக்கல் உண்டு. ஆசிரியர் பயிற்சியின் உயிர் இருப்பது கல்லூரிக்கு வெளியே, பயிற்சிக்காகப் போகும் பள்ளியில். இரண்டாண்டில் குறைந்தது 20 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும். அதில் 16 வாரம் இரண்டாம் ஆண்டில். அதற்கு 90 சதவீத வருகையும் வேண்டும். இதையெல்லாம் ஆய்வுக் குழு எப்படிப் பார்க்கிறது? வருகைப் பதிவேட்டில், பாடக் குறிப்பு நோட்டில், பள்ளித் தலைமையாசிரியர் கையெழுத்திட்ட சான்றிதழில். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் ஒரு பயிற்சி மாணவி பின்னத்தை விளக்கத் திணறினாரா, திணறியபோது யாராவது பின் பெஞ்சில் உட்கார்ந்து கவனித்துவிட்டு அவரிடம் பேசினார்களா என்பது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. அட்டை போட்டு, படம் ஒட்டி, அழகாக எழுதிய ரெக்கார்டு நோட்டுகள் அலமாரி நிறைய இருக்கும். எழுத வேண்டியவரே எழுதினாரா என்பதைக்கூட நோட்டு சொல்லாது.

காகிதத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு 2024இல் பொறியியல் கல்லூரிகளில் பார்த்தது. ஒரே பேராசிரியர் பெயர் பல கல்லூரிகளின் ஆசிரியர் பட்டியலில் இருந்தது.

இதனால் முத்திரைகள் வீண் என்று ஆகிவிடாது. அங்கீகாரம் இல்லையென்றால் பட்டத்துக்கே மதிப்பில்லை. நாக் கையேட்டிலும் அதிக மதிப்பெண் கற்பித்தலுக்கும் மதிப்பீட்டுக்கும்தான். ஆனால் கட்டடத்தை அளக்கச் செலவாகும் நேரத்தில் ஒரு பகுதியையாவது, சொல்லாமல் போய்ப் பயிற்சி வகுப்பில் உட்காரச் செலவிடலாம் என்று தோன்றுகிறது. அதற்கு ஆள் பலம் வேண்டும், செலவும் கூடும். மறுப்பதற்கில்லை.

சேரப் போகிறவர் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. என்.சி.டி.இ. ஆணையில் எத்தனை இடம் என்று பார்க்கலாம். நாக் கிரேடு காலாவதி ஆகிவிட்டதா என்று பார்க்கலாம். நிபுணர் குழுவின் அறிக்கை நாக் இணையதளத்தில் கிடைக்கும். அதோடு, அங்கே படித்து முடித்த ஒருவரிடம் இரண்டு கேள்வி: 16 வாரம் எந்தப் பள்ளியில் இருந்தீர்கள்? உங்கள் பாடத்தைப் பார்க்கக் கல்லூரியிலிருந்து யார், எத்தனை முறை வந்தார்கள்?