சல்லிவனுக்கு முன்னால் இருந்த 'ஓ'

ஊட்டியின் கதையைக் கொஞ்சமாவது படித்தவர்களுக்கு ஜான் சல்லிவன் என்ற பெயர் தெரிந்திருக்கும். கோயமுத்தூர் கலெக்டராக இருந்து 1820களில் ஊட்டியை உருவாக்கிய துரை. மனுஷன் பிறந்தது 1788-ல், லண்டனில். ஆனா பேரு லண்டன் பேரு இல்லீங்க, அக்மார்க் ஐரிஷ் பேரு. அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில் கார்க், கெர்ரி என்று ரெண்டு மாவட்டங்கள் இருக்கின்றன. அங்கே தடுக்கி விழுந்தால் ஒரு சல்லிவன் மேலதான் விழணும். அவ்வளவு பேர்.

குடும்பப் பெயர் என்று பேச்சு வந்தாலே எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி "அதுக்கு என்னங்க அர்த்தம்?" என்பதுதான். அதில் பெரிசாக ஒண்ணும் தேறாது என்பது என் கட்சி. சல்லிவனையே எடுத்துக்குவோம். ஐரிஷ் மொழியில் 'ஓ ஸூலவான்'. 'ஸூல்' என்றால் கண். மிச்சப் பாதிக்கு ஒருத்தர் ஒற்றைக் கண் என்கிறார், இன்னொருத்தர் கருங்கண் என்கிறார், மூணாவது ஆள் பருந்துக் கண் என்கிறார். பண்டிதர்கள் சண்டை இன்னும் ஓயவில்லை. சரி, பருந்துக் கண்ணுன்னே வச்சுக்குவோம். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி இருந்த யாரோ ஒரு தாத்தாவின் கண்ணைத் தெரிந்துகொண்டு நாம என்ன பண்றது?

என்னைக் கேட்டால், அந்தப் பேரோட கதை முழுக்க முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கிற 'ஓ'வில்தான் இருக்கிறது.

'மேக்' என்றால் மகன். 'ஓ' என்றால் பேரன், வழித்தோன்றல். பத்து, பதினோராம் நூற்றாண்டு வாக்கிலேயே அயர்லாந்தில் இந்த மாதிரி பெயர்கள் நிலைபெற ஆரம்பித்துவிட்டன. ஐரோப்பாவில் பரம்பரைக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்வதில் அவர்கள் ரொம்ப சீக்கிரம். (நடுவில் வருகிற அந்த மேற்கோள் குறி மாதிரியான கொம்பு இங்கிலீஷ்காரன் எழுத்தில் வந்தது. ஐரிஷில் 'ஓ' மேலே ஒரு சின்ன சாய்கோடுதான். அந்தக் கொம்பைப் பார்த்து மிரண்டுபோய் "உங்கள் பெயர் செல்லாது" என்று சொல்கிற கம்ப்யூட்டர் படிவங்கள் இன்றைக்கும் உண்டு. ஓ சல்லிவன்களைக் கேட்டால் கதை கதையாச் சொல்லுவாங்க. :-))

இந்தக் கூட்டம் முதலில் கார்க், கெர்ரிக்காரங்களே கிடையாது. சொந்த ஊர் உள்நாட்டில், டிப்பரரியில், நாக்கிராஃபன் என்கிற குன்றைச் சுற்றி நல்ல வளமான பூமி. 12-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நார்மன்கள் வந்து நெருக்கியதும் தென்மேற்கே கடற்கரைப் பாறைக்காட்டுக்கு நகர்ந்தார்கள். அங்கே ரெண்டு பெரிய கிளை. கெர்ரியில் ஓ சல்லிவன் மோர், பேரா தீபகற்பத்தில் ஓ சல்லிவன் பேர்.

இந்த ரெண்டாவது கிளையில் வந்தவர்தான் டோனல் காம். அவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பெயரைப் பற்றிப் பேசவே முடியாது. ஐரிஷ் வழக்கப்படி குலத்தில் தகுதியான மூத்த ஆள்தான் தலைவன். அப்படித் தலைவராக இருந்தவர் அவருடைய சித்தப்பா ஓவன். டோனல் என்ன பண்ணினார் தெரியுமா? 1587-ல் ஆங்கிலேய அரசாங்கத்திடம் போய், "உங்க சட்டப்படி அப்பா சொத்து மூத்த மகனுக்கு, அதனால் தலைமை எனக்கு"ன்னு மனு போட்டார். ஆங்கிலேயனுக்கும் தன் சட்டம் உள்ளே நுழைய ஒரு வழி வேணும். தீர்ப்பு டோனலுக்கு. பிற்பாடு ஆங்கிலேயரை எதிர்த்த பெரும் வீரனாக இவரைக் கொண்டாடுகிறவர்கள் இந்த மனு விவகாரத்தை லேசாத் தாண்டிப் போயிடுவாங்க. எனக்கென்னவோ இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் அவர் நிஜ மனுஷனாத் தெரிகிறார்.

1601 கடைசியில் கின்சேல் சண்டை. உதவிக்கு வந்த ஸ்பானியப் படையோடு சேர்ந்தும் ஐரிஷ் தலைவர்கள் தோற்றார்கள். 1602 ஜூனில் டோனலின் டன்பாய் கோட்டையை ஜார்ஜ் கேரியூவின் பீரங்கிகள் தரைமட்டமாக்கின. உள்ளே இருந்தவர்கள் சுமார் 143 பேர். சண்டையில் சாகாமல் பிடிபட்டவர்களையும் தூக்கில் போட்டார்கள். பேராவில் இனி தின்னவும் ஒண்ணுமில்லை, ஒளியவும் இடமில்லை. அந்த வருஷம் டிசம்பர் 31 அன்று, கொட்டுகிற குளிரில், கிளென்கேரிஃபிலிருந்து டோனல் வடக்கே கிளம்பினார். கூட ஆயிரம் பேர். அதில் 400 பேர்தான் சிப்பாய்கள், மற்றதெல்லாம் பெண்கள், பிள்ளைகள், வேலைக்காரர்கள்.

சுமார் 400 கிலோமீட்டர். ரெண்டு வாரம். வழிநெடுக அடி. அடித்தவர்களில் ஆங்கிலேயர் மட்டுமில்லை, தன் எல்லைக்குள் இவர்களை விட்டால் வம்பு என்று பயந்த ஐரிஷ் தலைவர்களும் இருந்தார்கள். ஷானன் ஆற்றங்கரைக்கு வந்தால் படகு இல்லை. கொண்டுவந்த குதிரைகளையே வெட்டி, இறைச்சியைத் தின்று, தோலை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிப் படகாக்கி ஆற்றைத் தாண்டினார்கள். செத்தவர்கள், முடியாமல் வழியிலேயே நின்றுவிட்டவர்கள் போக, லெய்ட்ரிமில் ஓ ரூர்க்கின் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தது 35 பேர். அதில் ஒரே ஒரு பெண். டோனல் அப்புறம் ஸ்பெயினுக்குப் போய், 1618-ல் மாட்ரிட்டில் கொலையுண்டார். இவ்வளவும் நமக்குத் தெரிவது பெரும்பாலும் அவர் உறவுக்காரர் பிலிப் ஓ சல்லிவன் பேர் எழுதி 1621-ல் லிஸ்பனில் அச்சான லத்தீன் புத்தகத்தால்தான். இன்றைக்கு அந்த வழியை ஒட்டி நடைப்பாதை போட்டிருக்கிறார்கள். முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஜாலியாக நடக்கலாம்.

தலைவர்கள் போய்விட்டார்கள். பெயர் மட்டும் ஊரில் கிடந்தது, ஏழை பாழைகளிடம். அங்கேதான் 'ஓ' உதிர ஆரம்பித்தது.

17, 18-ஆம் நூற்றாண்டுகளில் நிலம், பதவி, படிப்பு எல்லாம் ஆங்கிலம் பேசுகிறவன் கையில். 'ஓ' என்றாலே கத்தோலிக்கன், நாட்டுப்புறத்தான் என்று நெற்றியில் எழுதி ஒட்டின மாதிரி. குத்தகைச் சீட்டு எழுதுகிற குமாஸ்தா 'சல்லிவன்' என்று எழுதுவான், இவரும் சரிங்க என்று தலையாட்டுவார். ரெண்டு தலைமுறை போனால் அதுவே பேராகிவிடும். 1864-ல் எல்லாப் பிறப்பையும் பதிவு செய்கிற முறை வந்ததே, அதற்கு ரெண்டு வருஷம் கழித்து 1866-ல் பார்த்தால், இந்தப் பேர்க்காரர்களில் 'ஓ'வோடு பதிந்தவர்கள் நூற்றுக்கு நாலு பேர்தான்! இத்தனைக்கும் 1890 கணக்கில் மர்ஃபி, கெல்லிக்கு அடுத்து அயர்லாந்திலேயே மூணாவது பெரிய பெயர் இது.

1893-ல் கேலிக் லீக் ஆரம்பித்து மொழிப் பற்று பரவ, உதிர்ந்த 'ஓ' திரும்ப முளைத்தது. 1944 வாக்கில் நூற்றுக்கு 60. இந்தக் கணக்கையெல்லாம் எடுத்துச் சொன்ன எட்வர்ட் மெக்லைசட், 1943-ல் அயர்லாந்தின் முதல் தலைமை மரபுச் சின்ன அதிகாரியாக ஆனவர். அவரே லைசட் என்று பிறந்து, 1920-ல் 'மேக்'கை எடுத்து ஒட்டிக்கொண்டவர்தான்!

அமெரிக்காவில் ஏன் வெறும் சல்லிவன்களாகவே இருக்கிறார்கள் என்பதற்கும் விடை இதுதான். 1845-க்குப் பிறகு வந்த பெரும் பஞ்சத்தில் கப்பலேறியவர்கள் 'ஓ' இல்லாத காலத்தில் போனவர்கள். எல்லிஸ் தீவில் குடியேற்ற கிளார்க் வெட்டிவிட்டான் என்று ஒரு கதை விடுவாங்க. எல்லிஸ் தீவு நிலையம் திறந்ததே 1892-ல்தான். அங்கே இருந்தவனும் கப்பல் பட்டியலை வைத்து சரிபார்த்தவனே தவிர, பேர் மாத்தறது அவன் வேலையில்லை. 1858-ல் பிறந்த பாஸ்டன் குத்துச்சண்டை வீரர் ஜான் எல். சல்லிவனின் அப்பா கெர்ரிக்காரர். 1942 நவம்பரில் ஜூனோ கப்பலோடு உயிரிழந்த ஐந்து சல்லிவன் சகோதரர்களின் பூர்வீகம் பேரா.

இப்போ சில பேர் "நாங்களும் 'ஓ'வைச் சேர்த்துக்கலாமா, அதுதானே அசல்?" என்று கேட்கிறார்கள். தாராளமா சேர்த்துக்கலாம், அவங்கவங்க இஷ்டம். ஆனால் 'ஓ' இல்லாத சல்லிவன் ஏதோ குறைப்பட்ட பேர் என்று நினைப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பசியில் குத்தகைக்கு நின்றவன் விட்டுக்கொடுத்த எழுத்து அது. அந்த இடம் காலியாக இருப்பதும் அவன் வரலாறுதானே? கோப்பையிலும் சாவிக்கொத்திலும் சிங்கம், பாம்பு, வாள் போட்டு "உங்கள் குடும்பச் சின்னம்" என்று விற்கிற கடைகளுக்கு இது புரியாது. மரபுச் சின்னம் ஒரு ஆளுக்கும் அவர் வழி வந்தவர்களுக்கும் உரியது. ஒரே பேர் இருக்குங்கறதுக்காக அத்தனை பேரும் சொந்தம் கொண்டாட முடியாது.

திரும்பி வராத ஒண்ணும் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பெரிசாகப் பேசுவதில்லை. ஐரிஷில் மகன்தான் 'ஓ ஸூலவான்'. மகள் 'நீ ஹூலவான்'. மனைவி 'ஈ ஹூலவான்'. (நம்ம 'நீ'க்கும் 'ஈ'க்கும் சம்பந்தமில்லை!) பேரைச் சொன்னாலே வந்திருப்பது பெண்ணா, கட்டிக்கொடுத்த பெண்ணா என்று தெரிந்துவிடும். குமாஸ்தா எல்லாரையும் சல்லிவன் என்று ஒரே அடியாக அடித்துவிட்டான். பிற்பாடு ஊரே உணர்ச்சிவசப்பட்டு 'ஓ'வை மீட்டபோது, ஆங்கிலத்தில் எழுதிய பெண்களுக்கும் அதையே ஒட்டினார்கள். அதாவது, மேரி ஓ சல்லிவன் என்றால் எழுத்துப்படி 'பேரன்' மேரி. அந்த 'நீ'யைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்பவர்கள், ஐரிஷிலேயே தன் பேரை எழுதுகிற பெண்கள்தான்.