கூண்டை விட்டு வந்த கோழி ஏன் கால் மடங்கி விழுகிறது?

அந்தியூர் பக்கத்து வாசகி ஒருவர், பண்ணையில் கழித்த முட்டைக்கோழிகள் 60-ஐ மகளிர் குழுக் கடனில் மலிவாக வாங்கித் தென்னந்தோப்பில் திறந்துவிட்டிருக்கிறார். பத்து நாளுக்குள் 7 கோழிகள் கால் மடங்கிப் படுத்துவிட்டன. இரண்டுக்கு இறக்கை ஒடிந்துவிட்டது. அதே தோப்பில் அவருடைய சிறுவிடைக் கோழிகள் வேலி தாண்டிப் பறக்கின்றன. 'இது இனக் குறையா, கூண்டில் அடைத்த குறையா? மிச்சம் இருப்பவை தேறுமா, வந்த விலைக்குத் தள்ளிவிடலாமா?' என்பது அவர் கேள்வி.

இனமும் காரணம், கூண்டும் காரணம். முட்டைக் கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. கோழியின் உடம்பு முழுவதும் சேர்த்தாலே 20 கிராம் அளவுதான் தேறும். ஆண்டுக்கு 300 முட்டை இடும் கோழி, தன் உடம்பில் இருப்பதைப்போல 30 மடங்கு கால்சியத்தை ஓடாக்கி வெளியே அனுப்புகிறது. ஓடு பெரும்பாலும் இரவில்தான் கட்டும். அந்த நேரத்தில் தீவனம் எடுக்காததால், எலும்புக்குள் இருக்கும் இருப்பில் இருந்து உடம்பு கடன் வாங்குகிறது.

முட்டைக்கு வந்ததும் கோழியின் எலும்பு வேலையே மாறிவிடுகிறது. உடம்பைத் தாங்கும் கெட்டி எலும்பைக் கட்டுவது நின்று, எலும்பின் உள்குழியில் முட்டைக்கான சுண்ணாம்பு இருப்பைச் சேர்ப்பது தொடங்குகிறது. கெட்டி எலும்போ கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. முட்டை நின்றால்தான் அது மறுபடியும் வளரும். நாட்டுக்கோழி தப்பிப்பது இங்கேதான். பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் அடைக்கு உட்காருகிறது. 21 நாள் அடை, பிறகு குஞ்சு வளர்ப்பு. அத்தனை நாளும் முட்டை கிடையாது, எலும்பு தேறிக்கொள்கிறது. அடை உட்காருவதை நஷ்டம் என்று தண்ணீரில் முக்கி எடுக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பண்ணை முட்டைக்கோழிக்கு அடை குணத்தையே தலைமுறை தலைமுறையாகக் கழித்துவிட்டார்கள். ஓய்வும் அதோடு போய்விட்டது.

பரம்பரையின் பங்கு ஊகம் அல்ல. ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் ஆய்வு நிலையத்தில், எலும்பு கெட்டியான கோழிகளை ஒரு வரிசையாகவும் மெலிந்தவற்றை இன்னொரு வரிசையாகவும் பிரித்து இனவிருத்தி செய்தார்கள். சில தலைமுறைகளிலேயே இரண்டு வரிசைக்கும் கால் எலும்பின் வலிமையில் கால் பங்கு அளவுக்கு வேறுபாடு வந்துவிட்டது. தீவனமும் கூண்டும் ஒன்றாக இருந்தும் அப்படி. பிறகு அதே வரிசைகளைக் கூண்டிலும், நடமாட இடமுள்ள கொட்டகையிலும் வளர்த்தார்கள். நடமாட்டம் இரண்டு வரிசைக்குமே நல்லது செய்தது. நல்ல எலும்பு வரிசையில் பிறந்து, நடமாடவும் முடிந்த கோழிக்கு இரட்டை லாபம்.

கூண்டுக்கோழியின் இறக்கை எலும்புதான் அதிகம் பலவீனப்படுகிறது. விரித்து அடிக்க இடமே இல்லையே. பிரிட்டனில் 1989-ல் வெளியான ஓர் ஆய்வில், அறுப்புக்குப் போன கூண்டுக்கோழிகளில் 100-க்கு 29-க்கு, உயிரோடு இருக்கும்போதே ஓர் எலும்பாவது ஒடிந்திருந்தது. பிடித்து இழுத்ததிலேயே பல ஒடிந்தவை. ஆகவே அந்தியூர்க் கோழிகளில் சில, தோப்புக்கு வரும் முன்பே வண்டியில் ஒடிந்திருக்கலாம்.

இனி, மிச்சமுள்ள கோழிகள். நடமாட்டம் நல்லது என்பதற்காக முதல் நாளே தோப்பு முழுக்கத் திறந்துவிட்டதுதான் தவறு. இரண்டு வாரம் வெயில் படும் சிறிய கொட்டகையில், உமி பரப்பிய தரையில் விட வேண்டும். உட்காரும் கம்பு அரை அடி உயரத்துக்கு மேல் வேண்டாம். உயரத்தில் இருந்து குதித்தால் நெஞ்செலும்பு ஒடியும். நாய் துரத்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு தினமும் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று மேய்ச்சலைக் கூட்டலாம். மாலையில் தனித் தட்டில் உடைத்த கிளிஞ்சல் வைக்க வேண்டும். மாவாக அரைத்தது வயிற்றில் நிற்காது. துண்டாக இருப்பது இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். கிளிஞ்சல் மட்டும் போட்டுவிட்டு அரிசிக் குருணையில் வளர்த்தால் பலன் இல்லை. முட்டைக்கோழித் தீவனமும் வேண்டும், அதில்தான் பாஸ்பரஸ் இருக்கிறது.

படுத்த கோழியை மற்றவை மிதிக்காமல் தனியே வைத்து, தண்ணீரும் தீவனமும் எட்டும்படி வைத்தால், ஒடிவு இல்லாதவை பெரும்பாலும் ஒரு வாரத்தில் எழுந்து நிற்கும். எலும்பு ஒடிந்தவற்றை வைத்துக்கொண்டு துன்பப்படுத்த வேண்டாம். கழுத்து திருகினாலோ பச்சையாகக் கழிந்தாலோ அது எலும்பு நோய் இல்லை, வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். அன்றைக்கே கால்நடை மருந்தகத்தில் காட்ட வேண்டும்.

தேறிய கோழி இறகு உதிர்த்து முட்டையை நிறுத்தினால் வாசகி பதற வேண்டியதில்லை. கெட்டி எலும்பு வளர்வது அப்போதுதான். வளைந்துபோன நெஞ்செலும்பு மட்டும் நிமிராது. அடுத்த முறை கடன் வாங்கினால், தரையில் ஓடி வளர்ந்த 12 முதல் 16 வார விடைக்கோழிகளை வாங்குவது மேல். இருட்டிய பிறகு, இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்து, நெஞ்சுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கச் சொல்ல வேண்டும்.