அலைவழி அளவளாவல்

கல்லூரி மாணவர்க்கென ஓர் அமெச்சூர் வானொலி நிலையம் அமைக்கலாம் என்னும் கருத்தை அண்மையில் ஓர் அவையில் நாம் முன்வைத்தோம். செலவு, இடம், உரிமம் ஆகியவற்றைப் பற்றிக் கேட்பார்கள் என்று எதிர்பார்த்து அவற்றுக்கெல்லாம் விடை எழுதி வைத்திருந்தோம். ஆனால் சமுதாயப் பெரியவர் ஒருவர் கேட்டது வேறு. "எல்லாம் சரி தம்பி, அதுல என்னதான் பேசுவீங்க?"

அன்று நாம் தெளிவாக விடை கூறவில்லை. உண்மையான விடை, 'முக்கியமாக ஒன்றும் பேசமாட்டோம்' என்பதே. அவையில் அதைச் சொல்லும் துணிவு நமக்கு வரவில்லை. ஆதலால் இம்மலரில் எழுதுகிறோம்.

ஊதியம் கருதாது, உரிமம் பெற்று, தம் வீட்டுக் கருவியால் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வோரை 'ஹாம்' என்று உலகம் அழைக்கிறது. இவர்கள் என்ன பேசலாம் என்பதைப் பன்னாட்டு வானொலி விதிகள் 2003-ஆம் ஆண்டுத் திருத்தம் வரை விந்தையான முறையில் வரையறுத்திருந்தன. கருவிச் சோதனை பற்றிய செய்திகள் பேசலாம். அவற்றோடு, பொதுத் தந்தி தொலைபேசி வழியே அனுப்பும் தகுதி இல்லாத அளவுக்கு முக்கியமற்ற சொந்தப் பேச்சும் பேசலாம் என்பது அவ்விதியின் கருத்து. முக்கியமற்றதைப் பேச உரிமை வழங்கிய சட்டம் வேறொன்று உண்டோ என்பது ஐயமே! மணிக்கணக்கில் நீளும் இத்தகைய பேச்சை ஆங்கிலேயர் 'கந்தலை மெல்லுதல்' என்பர். கந்தலினும் நம்மவரின் வெற்றிலை மேலானது என்பது நம் கருத்து. அமெரிக்க ஹாம்களின் சங்கம், அரைமணி நேரம் இடையறாது உரையாடியவர்க்குச் சான்றிதழே வழங்கியது.

பெரியவரின் கவலை நமக்குப் புரியாமல் இல்லை. வீண்பேச்சிலிருந்து விலகியிருப்பதை இறைநம்பிக்கையாளரின் பண்பாகத் திருமறை கூறுகிறது. வள்ளுவரும் 'பயனில சொல்லாமை' என ஓர் அதிகாரமே வகுத்தார். தமிழ் கற்பிக்கும் நாம் இதை மறுத்துரைக்க இயலாது. எனினும் அதே வள்ளுவர் 'சுற்றந்தழால்' அதிகாரத்தில், அளவளாவுதல் இல்லாதவனின் வாழ்வைக் கரையில்லாமல் நீர் நிறைந்த குளத்துக்கு ஒப்பிடுகிறார். நீர் வீணாகாமல் நிற்பதற்குக் கரை வேண்டும். வாழ்வுக்கு அக்கரை அளவளாவுதலே என்பது கருத்து. ஆகவே பயனில்லாச் சொல் வேறு, அளவளாவல் வேறு. இவ்வேறுபாட்டை நாம் நூலிற் கற்றதைவிட ஏரிக்கரையிற் கற்றதே மிகுதி.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்களைப் பழவேற்காட்டுக்கு அழைத்துச் சென்றிருந்தோம். பள்ளிவாசலின் நிழற்கடிகாரத்தையும் டச்சுக்காரரின் கல்லறைகளையும் கண்டபின், மீனவரின் தொழிற்சொற்களைத் திரட்டுவது திட்டம். மாணவர்கள் வினாப்பட்டியலோடு போனார்கள். "வலை எத்தனை வகை?" என்றான் ஒருவன். "நாலஞ்சு இருக்கும் தம்பி" என்றார் வலை பொத்திக்கொண்டிருந்தவர். அவ்வளவுதான். ஒரு மணி நேரத்தில் ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை. பட்டியலை மடித்து வைத்துவிட்டு நிழலில் சும்மா உட்காருங்கள் என்றோம். பிறகுதான் பேச்சு வந்தது. வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றின் பெயர்கள் வந்தன. முகத்துவாரத்தை மணல் அடைத்த ஆண்டும், அவ்வாண்டு நின்றுபோன திருமணமும் வந்தன. ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் ஊசியிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டார். முடித்தபின், சொன்னவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டு மறுமொழி கூறினார். பொழுது சாய்ந்ததை யாரும் கவனிக்கவில்லை.

இப்பொறுமை அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? ஏரியில் அவர்களுக்குள் 'பாடு' என்றொரு முறை உண்டு. முகத்துவாரத்தை அடுத்த நல்ல இறால் துறைகள் சிலவே. கழி நட்டு வலை கட்ட விரும்புவோரோ பலர். ஆதலால் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊரார் முறைவைத்து இறங்குவர். தன் பாடு வரும்வரை காத்திருப்பவனுக்குப் பேச்சே துணை. துறை எவர்க்கும் சொந்தமன்று. முறை மட்டுமே சொந்தம். பாட்டுரிமை எல்லாச் சாதியார்க்கும் எட்டுவதில்லை என்னும் குறை இதில் உண்டு. அது தனியே எழுதத்தக்க செய்தி.

அமெச்சூர் வானொலியும் இப்பாட்டு முறையில்தான் இயங்குகிறது. அலைவரிசை எந்த ஹாமுக்கும் சொந்தமன்று. பேசப் புகுமுன் காது கொடுத்துக் கேட்டு, இடம் வெற்றாக உள்ளதா என வினவ வேண்டும். ஒருவர் விசையை அழுத்திப் பேசும்போது மற்றவர் இடைமறிக்க வழியில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம் கேட்டு, தாளில் குறித்து, 'ஓவர்' என்று அவர் முடித்தபின் தாம் தொடங்க வேண்டும். ஆசிரியர் அறையில் எவரையும் ஒரு வாக்கியம் முடிக்கவிடாத நம் போன்றோர்க்கு இது கடுமையான நோன்பே.

இவற்றுள்ளும் ஏ.எம். எனப்படும் வீச்சுப் பண்பேற்ற முறையில் பேசுவோரின் சுவையே தனி. குரல் ஏறிச் செல்லும் ஊர்தியாகக் 'கடத்தி அலை' ஒன்று இடையறாது சென்றுகொண்டிருக்கும். முழு அளவில் பண்பேற்றம் செய்தபோதும் ஆற்றலில் மூன்றில் இரு பங்கு, சொல் எதையும் சுமக்காத அவ்வலைக்கே போய்விடும். இது வீண் எனக் கருதிய பொறியாளர்கள் அவ்வலையை அடக்கி, ஒற்றைப் பக்கப்பட்டை முறையைக் கொணர்ந்தனர். கணக்குப்படி அது சரியே; ஹாம்களில் பெரும்பாலோர் அம்முறைக்கு மாறிவிட்டனர். ஆனால் ஏ.எம். முறையில் பேசுபவர் சற்று நிறுத்தி யோசித்தாலும் அலை நிற்பதில்லை. வானத்தின் இரைச்சல் அடங்கி, அவருடைய மௌனம் நமக்குக் கேட்கும்; பின்னாலுள்ள கடிகாரத்தின் ஓசையும் கேட்கும். மறுமுறையில் பேச்சு நின்றவுடன் இரைச்சல் வந்து சூழ்ந்துகொள்ளும். பழைய வால்வுகளைக் கொண்டு ஏ.எம். கருவிகளைத் தாமே செய்து இன்றும் பேசுவோர் சிலர் இருப்பதன் காரணம் இதுவாகவே இருக்கலாம்.

இக்கலை நமக்கு அயலானதன்று. 1924-இலேயே சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றி ஒலிபரப்பும் தொடங்கியது. 1927-இல் பணமின்றி அது ஓய்ந்தது. ஆர்வலர்களின் நிலையம் ஓய்வதற்குப் பணமின்மையே காரணமாவது அன்றும் இன்றும் ஒன்றுதான்.

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்னும் ஹாம் பெண்மணி, போர்ட்பிளேரில் கம்பம் நாட்டி உலகெங்குமுள்ள ஹாம்களோடு பேசிக்கொண்டிருந்தார். பெயர், ஊர், ஒலியின் தரம் என்ற அளவில் அமைந்த சிறு உரையாடல்களே அவை. எவருக்கும் அவசரமான செய்தி அவற்றில் இல்லை. 26-ஆம் நாள் நிலம் நடுங்கிக் கடல் பொங்கித் தொலைபேசிகள் ஊமையானபோது, அந்தமானிலிருந்து உறவினர்க்கு நலச்செய்தி சொல்ல அக்கம்பமே உதவியது. அதே கடல் அன்று பழவேற்காட்டுக் குப்பங்களிலும் ஏறியது. ஆபத்து வந்தபின் கம்பம் நாட்ட முடியாது. கேட்கும் காதையும் அன்றைக்கு உண்டாக்க முடியாது. முக்கியமற்ற பேச்சால் முன்னரே பழகியிருந்தமையால்தான் முக்கியமான பேச்சுக்கு வழி திறந்திருந்தது.

பழவேற்காட்டு ஏரிக்கு அப்பால் உள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2005 மே 5-ஆம் நாள் 'ஹாம்சாட்' என்னும் சிறு செயற்கைக்கோள் ஏவப்பட்டது. ஹாம்கள் பேசுவதற்கென்றே இந்தியா செய்தது அது. அதிலிருந்த இரு பேச்சுக் கருவிகளில் ஒன்று நம் நாட்டினர் ஆக்கியது. மற்றொன்றை ஆக்கியவர் டச்சு மாணவர் ஒருவர். 1613-இல் இங்கே கோட்டை கட்டித் துணி வாங்கிச் சென்ற நாட்டார், ஏறத்தாழ நானூறு ஆண்டு கழித்துப் பேச்சுக்கான கருவியோடு திரும்பி வந்ததை எண்ணினால் வியப்பே எழுகிறது. 2014 வரை அது உழைத்தது.

12 வயது நிரம்பியவர் எவரும் தேர்வெழுதி இவ்வுரிமம் பெறலாம். கல்வி நிலையங்களும் பெறலாம். கருவியை இயற்பியல் துறை கவனித்துக்கொள்ளும். பேசவும் கேட்கவும் பயிற்றும் பொறுப்பைத் தமிழ்த்துறைக்குத் தர வேண்டும் என்பதே நம் விண்ணப்பம். காதில் ஒலிவாங்கிக் கம்பியோடு ஒருவரையொருவர் கடந்து செல்லும் நம் மாணவர்களில் பத்துப்பேர் வந்தாலும் போதும்.

பெரியவர் அவர்கள் அடுத்த கூட்டத்திலும் அதே வினாவைக் கேட்பார்கள் என நம்புகிறோம். முதல்நாள், பழவேற்காட்டிலும் ஒருவரை உரிமம் பெறச்செய்து, அங்கே இன்று காற்று எப்படி என்று கேட்போம். அவர் சொல்லி முடிக்கும்வரை பெரியவரும் நம்மோடு அமர்ந்திருக்க வேண்டும்.