மருந்தின் நான்காம் கூறு

நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து என்னும் மூன்றனையும் கூறி அமையாது, நான்காவதாக ஒருவரையும் மருத்துவத்தின் உறுப்பாக எண்ணி வைத்தார் திருவள்ளுவர். 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளிலே அந் நான்காமவர்க்கு அவர் இட்ட பெயர் 'உழைச்செல்வான்' என்பதாம். உழை என்பது பக்கம். நோயாளியின் பக்கத்தே நின்று மருந்தைப் பிழையாமற் செலுத்துவோர் உழைச்செல்வார். இன்று நாம் செவிலியர் என்று அழைப்பது இவரையே யன்றோ? அக் குறளுக்கு உரை வகுத்த பரிமேலழகர், இவர்க்கு வேண்டுவன நான்கு என்றார்: நோயாளியிடத்து அன்பு, மனமொழிமெய்களின் தூய்மை, சொல்லியதைச் சொல்லியவாறே செய்யும் வன்மை, அறிவு.

இந் நான்கினுள் முதலாவதை நாம் மறந்திலேம். ஆண்டுதோறும் மே 12ஆம் நாள் செவிலியர் நாள் வருங்கால், மேடைதோறும் விளக்கேந்திய நங்கையின் கதை சொல்லப்படுகின்றது. செவிலியரைத் தாயென்றும், தெய்வமென்றும் போற்றுகின்றோம். ஆயின் நான்காவதாகிய அறிவைப் போற்றுவார் எத்துணையர்? செவிலியர் என்பார் மருத்துவர் ஏவியதைச் செய்யும் கைகள் மட்டுமே என்பது நம்முள் பலர் கருத்து. இக் கருத்துப் பிழைபட்டதென்பதும், இப் பிழையினால் உயிர்க்கே ஊறு நேர்தல் கூடுமென்பதும் யாம் ஈண்டுச் சொல்ல விழைவன. அதற்குச் சான்றாக ஒவ்வாமை என்னும் ஒன்றனையே எடுத்துக்கொள்கின்றோம்.

ஒவ்வாமையாவது யாது? உடலைக் காக்கும் காவற்படை, தீங்கற்ற ஒரு பொருளைப் பகையென்று பிறழ உணர்ந்து, அதனைத் தாக்கப் புகுந்து, தன் வீட்டையே கொளுத்துதல் என்க. 1902ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அறிஞர் சார்லஸ் ரிஷே, பால் போர்ட்டியே என்னும் இருவரும் கடல்வாழ் உயிரொன்றின் நஞ்சைச் சிறிதளவே நாய்களுக்குச் செலுத்தி ஆய்ந்தனர். முன்னரே பழகிய நஞ்சாதலின் இரண்டாம் முறை நாய் அதனைத் தாங்கும் என எதிர்பார்த்தனர். நிகழ்ந்ததோ நேர்மாறு, சில வாரங் கழித்து மிகச் சிற்றளவு செலுத்திய அளவிலே நாய் மூச்சுத் திணறி மடிந்தது. இக் கண்டுபிடிப்பிற்காக ரிஷே 1913இல் நோபெல் பரிசு பெற்றார். 'அலர்ஜி' என்னும் சொல்லை 1906இல் ஆக்கியவர் வியன்னா நகர மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே. ஆகவே, ஒருவனுக்கு ஒரு மருந்து முதன்முறை ஊறு செய்யாமை, மறுமுறையும் செய்யாது என்பதற்கு உறுதியாகாது. முன்னர் நிகழ்ந்ததைக் கேட்டறிதலே இதிற் காவலின் தொடக்கம்.

கேட்டபின் வேண்டுவது காத்திருத்தல். கடுமையான ஒவ்வாமை பெரும்பாலும் ஊசி செலுத்திய சில நிமிடங்களுக்குள் தலைகாட்டும். அரிப்பு, தோலில் தடிப்பு, உதடும் நாவும் வீங்குதல், குரல் கம்முதல், இரைப்பு, வாந்தி, குருதியழுத்தம் தாழ்தல் என்பன அதன் அறிகுறிகள். தோலில் யாதொன்றுந் தோன்றாமலே மூச்சடைப்பு வருதலும் உண்டு. 2021ஆம் ஆண்டிலே கொரோனாத் தடுப்பூசி பெற்ற நம் அனைவரையும் அரைமணி நேரம் நாற்காலியில் இருத்தியது எதன் பொருட்டென்று அன்று எத்துணைப்பேர் எண்ணினோம்? தேர்ந்த செவிலியின் கண்கள் நம் முகத்தின்மேல் இருத்தற் பொருட்டே அது.

அறிகுறி கண்டவழிச் செய்யற்பாலது ஒன்றே முதன்மையானது: அட்ரினலின் ஊசி. வளர்ந்தோர்க்கு அரை மில்லிகிராம். தொடையின் நடுவே வெளிப்புறத் தசையில். குணங் காணாவிடின் ஐந்து நிமிடங்களில் மீண்டும். தடிப்பை அடக்கும் பிற மருந்துகள் இதற்கு ஈடாகா. அவற்றை முதலிற் கொடுத்துக் காலம் போக்குதல் பெருந்தவறு. நோயாளியை மல்லாத்திக் கால்களை உயர்த்தி வைத்தல் வேண்டும். மூச்சு முட்டுவோர் சாய்ந்திருக்கலாம். எவரையும் திடுமென எழுப்பி நடத்தலாகாது, அதனாலேயே இதயம் நின்றுபோதல் உண்டு. இடர் தீர்ந்தது என்று எண்ணிய பின்னரும் சில மணி நேரத்தில் அது மீண்டுவரக் கூடுமாதலின், கண்காணிப்பை உடனே விடுதலும் கூடாது. இவையெல்லாம் அன்பினால் மட்டும் ஆவனவோ? அன்பு கையைப் பிடித்துக்கொண்டு அழும்; அறிவே ஊசியை எடுக்கும்.

இனி, யாம் கண்ட ஒன்றனைக் கூறுவோம். எம் சிற்றன்னையார் திருவள்ளூர் மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டிப் பக்கத்து மருத்துவமனை ஒன்றிலே செவிலியாய்ப் பணிபுரிகின்றார். சென்ற கோடை விடுமுறையில் சில நாள் அவரில்லத்தில் தங்கினோம். சென்னையிலிருந்து வடக்கே செல்லும் மின்வண்டி பொன்னேரி, கவரைப்பேட்டை கடந்து கும்மிடிப்பூண்டியில் முடிவடைகின்றது. வண்டியை விட்டிறங்கினால், ஆந்திர எல்லை அண்மையதாகலின் தமிழும் தெலுங்கும் செவியில் விழும். சிப்காட் தொழிற்பேட்டையை நோக்கிச் சிறிது சென்றாலோ இந்தியும் ஒடியாவும் வங்காளமும் உடன் ஒலிக்கும். இரும்பாலைகளிலும் பிற தொழிற்கூடங்களிலும் உழைக்கும் பொருட்டு நெடுந்தொலை கடந்து வந்த இளைஞர் பலர் அங்கு உளர். எம்மோடு ஒத்த வயதினர். எம்மைப்போல் நூலேந்தும் பேறு பெறாதார்.

ஒருநாள் மாலை, மருத்துவமனையிலிருந்து சிற்றன்னையாரை அழைத்துக்கொண்டு சென்னை செல்லும் வண்டியைப் பிடித்தல் வேண்டுமென்று சென்று காத்திருந்தோம். அப்பொழுது காலில் இரும்புத் தகடு கிழித்த புண்ணோடும் காய்ச்சலோடும் ஒடிசா இளைஞன் ஒருவனை அவன் மேற்பார்வையாளர் அழைத்து வந்தார். மருத்துவர் பார்த்து, கிருமிகொல்லி ஊசி எழுதித் தந்தார். ஊசியை எடுக்குமுன் சிற்றன்னையார், "இதற்கு முன் ஊசி போட்டபோதோ மாத்திரை உண்டபோதோ உடம்புக்கு ஏதேனும் ஆயிற்றா?" என்று வினவினார். இளைஞன் விழித்தான். மேற்பார்வையாளர், "ஒன்றும் இல்லை, சிஸ்டர், போடுங்கள். இரவு வேலைக்கு நேரமாகிறது" என்றார்.

சிற்றன்னையார் அவ் விடையை ஏற்றாரிலர். "அவனைக் கேட்டேன், ஐயா, உங்களையன்று" என்று மெல்லக் கூறிவிட்டு, தமிழும் ஒடியாவும் அறிந்தார் யாரேனும் உளரோவென்று வெளியே சென்று தேடினார். பின்னால் வரிசையில் நின்றோர் முணுமுணுத்தனர். உண்மையை மறைப்பானேன்? யாமும் கடிகாரத்தை நோக்கி உள்ளத்துட் சினந்தோம். சிறிது நேரங் கழித்து, பல்லாண்டு இங்கு வாழ்ந்து தமிழ் பயின்ற ஒடிசாத் தொழிலாளர் ஒருவர் வந்து அவ் வினாவை அவன் தாய்மொழியிற் கேட்டார். இளைஞன் முகம் மலர்ந்தது; விடை வந்தது. சிறுவனாயிருந்தபோது தொண்டை நோவுக்கு ஊசி போட, உடலெங்கும் தடித்து, உதடு வீங்கி, மூச்சடைத்து, ஓரிரவு முழுதும் பெரிய மருத்துவமனையிற் கிடந்தானாம். மருந்தின் பெயர் அறியான்.

சிற்றன்னையார் எழுதிய தாளோடு மருத்துவரிடஞ் சென்றார். மருத்துவர் வேறு வகை மருந்தை எழுதினார். தாளின் தலையிற் சிவப்பு மையால் எச்சரிக்கை எழுதப்பட்டது. அட்ரினலின் குப்பியும் ஊசியும் அருகே வைக்கப்பட்டன. அரைமணி நேரம் இளைஞன் அங்கேயே இருந்தான். ஒன்றும் நிகழவில்லை. பின்னர் எழுந்து கைகூப்பிச் சென்றான். எம் வண்டியும் சென்றுவிட்டது.

அன்றிரவு, "இத்துணைப் பாடும் ஒன்றுமில்லாததற்கோ?" என்று கேட்டோம். "அந்த ஒன்றுமில்லாமைக்குத்தான் இத்துணைப் பாடும், தம்பி" என்றார் அவர். யாம் நாணினோம். ஓருயிர் நீங்காதிருந்தமை எந்தக் கணக்கேட்டிலும் ஏறாது, நாளிதழில் வாராது. ஆயினும் அன்று அங்கு நிகழ்ந்தது, யாம் எம் ஆயுளிற் கண்ட அறிவுடைச் செயல்களுட் சிறந்த ஒன்று.

இவ்வறிவு ஐயத்தோடு கேட்டலிலும் அடங்கும். வயிறு கலங்கியதையும் தலை சுற்றியதையும் ஒவ்வாமையென்று கருதி, தமக்குப் பெனிசிலின் ஆகாதெனக் கூறுவோர் பலர். முறையாக ஆய்ந்து பார்க்குங்கால் அத்தகையோருட் பத்தில் ஒன்பதின்மர்க்கு அம் மருந்து ஊறு செய்வதில்லை என்பர் அறிஞர். ஆகவே 'உண்டா, இல்லையா' என்று கேட்டலோடு நில்லாது, 'என்ன நிகழ்ந்தது, எவ்வளவு நேரத்தில், எவ்வாறு தீர்ந்தது' என்று கேட்டல் வேண்டும். தொழிலையும் கேட்டல் வேண்டும். சிமெண்டு குழைப்பவன் கையில் வெடிக்கும் புண், அதிலுள்ள குரோமியத்தின்பால் எழுந்த ஒவ்வாமையாயிருக்கலாம். அது தொட்டவுடன் தோன்றாது, ஓரிரு நாட் கழித்தே தோன்றும். வேலை செய்யும் நாளில் வந்து ஓய்வு நாளில் தணியும் இரைப்பு, ஆலையின் காற்றைச் சுட்டிக் காட்டும் விரலாகும்.

தொழிற்பேட்டையைச் சூழ்ந்த வயல்களிலும் செங்கற் சூளைகளிலும் மற்றோர் இடருண்டு. பாம்பு தீண்டியவர்க்கு உயிர்தரும் மருந்து குதிரையின் குருதியிலிருந்து ஆக்கப்படுவது. அதற்கு வேண்டும் நஞ்சை, 1978இல் தோன்றி வடநெம்மேலியில் இயங்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்னும் நான்கினின்றும் எடுத்து உதவி வருகின்றனர். பிறவுயிரின் புரதமாதலின் அம் மருந்தே ஒவ்வாமை விளைத்தலும் உண்டு. முன்கூட்டித் தோலிற் சிறிது செலுத்திச் சோதித்தலாற் பயனில்லை என்பது இன்று தெளிந்த முடிபு. அஞ்சி மருந்தை நிறுத்தினால் நஞ்சு கொல்லும். அஞ்சாது கண்ணயர்ந்தால் மருந்தே கொல்லும். இரண்டற்கும் நடுவே, அட்ரினலினை ஆயத்தமாக வைத்துக்கொண்டு கட்டிலருகே விழித்திருப்பவர் யார்? உழைச்செல்வாரே.

"கூட்டம் மிகுதி, செவிலியர் சிலர், ஒவ்வொருவரையும் இவ்வாறு கேட்டுக்கொண்டிருத்தல் இயலுமோ?" என்பார் உளர். இத் தடை பொய்யன்று. ஆயின் அதன் முடிவு, கேள்வியை விடுக என்பதன்று. செவிலியரைப் பெருக்குக என்பதே. ஐந்நூற்றின் மேற்பட்ட தொழிலாளர் உள்ள ஆலையில் மருத்துவரும் செவிலியரும் பொறுப்பேற்ற மருத்துவ அறை வேண்டுமென்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே விதித்தது. வேலூரிலே 1909இல் செவிலியர்க்குப் பயிற்சிப் பள்ளியும், 1946இல் பட்டப்படிப்பும் தொடங்கப்பட்டன. திருவள்ளூரிலும் 2022ஆம் ஆண்டு சனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. கல்வியுண்டு, இடமுண்டு, எண்ணிக்கையும் மதிப்புமே குறை. தடுப்பூசி போடுமிடத்து ஒவ்வாமை நேரின் முதல் அட்ரினலின் ஊசியைக் கிராமச் செவிலியரே போடுதற்கு இந்திய அரசின் நெறிமுறை இடந்தருகின்றது. ஊர்ப்புறச் செவிலியின் அறிவை நம்பிய அந் நெறி, எங்கும் பரவுதல் வேண்டும்.

பொருட்செலவின்றி ஆவனவும் உள. தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா, வங்காளம் என்னும் ஐந்து மொழிகளில் நான்கைந்து வினாக்களை அச்சிட்ட அட்டையொன்று, தொழிற்பேட்டையைச் சார்ந்த ஒவ்வொரு மருந்தகத்திலும் தொங்குதல் அரிதோ? எழுத்தறியார்க்காக அவ் வினாக்களைக் கைப்பேசியிற் பேசிப் பதிந்து வைத்தலும் எளிதே. தனக்கு ஆகாத மருந்தின் பெயரை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுதல் ஒவ்வொருவர்க்குங் கடன்.

கல்லூரித் தோழர்காள்! நம்முள் ஒடியாவும் வங்காளமும் தெலுங்கும் இந்தியும் தாய்மொழியாக உடையார் பலர் விடுதியிலேயே உளர். அவ் வட்டையை ஆக்கித் தருதல் நம் கைக்கெட்டிய தொண்டு. அடுத்த விடுமுறைக்குள் அதனை முடிப்போமென உறுதி கொள்வோமாக. அஃதன்றியும், ஊசிக்கு முன் செவிலியொருவர் நம்மை வினவுங்கால், 'ஒன்றுமில்லை' என்று விரைந்து கூறாது, நினைந்து விடை கூறுவோமாக. வரிசையிற் பின்னிற்குங்கால் கடிகாரத்தை நோக்காதிருப்போமாக.

நம் அகப்பொருள் நூல்களிலே செவிலியென்பாள் தலைவியை வளர்த்த தாய். தலைவியின் மேனியில் நேரும் சிறு வேறுபாட்டையும் நோக்கிக் கண்டறிந்து, 'இஃது எதனால் ஆயிற்று?' என்று வினவுபவள் அவள். வேறுபாடு காணுதலும் வினாவுதலுமே அன்று அவள் தொழில். இன்றும் அதுவே தொழில். அப் பெயரை மருத்துவமனைக்கு ஈந்த தமிழ்மக்கள், பெயரோடு அதற்குரிய பெருமையையும் ஈதல் வேண்டும்.