இரவல் வீரரின் சம்பளத்துக்கு யார் பொறுப்பு?

2020 ஓகஸ்ட் 14 அன்று லிஸ்பனில் நடைபெற்ற சம்பியன்ஸ் லீக் காலிறுதியில் பார்சிலோனாவை 8–2 எனத் தோற்கடித்தது பயேர்ண் மியூனிக். மாற்று வீரராக இறங்கி கடைசி இரண்டு கோல்களையும் போட்டவர் பிலிப்பே கொட்டின்யோ. அன்றும் அவர் பார்சிலோனாவின் வீரர்தான். பயேர்ணுக்கு இரவலாக மட்டுமே சென்றிருந்தார்.

சொந்த வீரரை ஒரு கழகம் ஏன் இரவல் கொடுக்கிறது? விடை சம்பளத்தில் இருக்கிறது.

2018 ஜனவரியில் லிவர்பூலிடமிருந்து அவரை வாங்க பார்சிலோனா உடன்பட்ட அடிப்படைத் தொகை 120 மில்லியன் யூரோ. ஆட்டம் எதிர்பார்த்தபடி அமையவில்லை. ஆனால் ஒப்பந்தம் இருக்கும்வரை சம்பளம் கொடுத்தாக வேண்டும். 2019 இல் பயேர்ண் 8.5 மில்லியன் யூரோ இரவல் கட்டணத்துடன் சம்பளத்தையும் ஏற்றது. விரும்பினால் 120 மில்லியனுக்கு வாங்கலாம் என்ற விருப்புரிமையும் இருந்தது. பயேர்ண் வாங்கவில்லை.

2022 ஜனவரியில் அஸ்டன் வில்லா அவரை இரவல் பெற்றபோது, சம்பளத்தில் ஒரு பகுதியை மட்டுமே ஏற்றது. நான்கு மாதங்களின் பின் பார்சிலோனா அவரை 20 மில்லியனுக்கு விற்றது. வாங்கிய விலையில் ஆறில் ஒரு பங்கு. கடனில் தத்தளித்த கழகத்துக்கு, சம்பளச் சுமை இறங்கியதே ஆதாயம்.

ஆக, இரவல் ஒப்பந்தத்தில் மூன்று விடயங்கள் பேசப்படுகின்றன: இரவல் கட்டணம், சம்பளத்தை யார் எவ்வளவு சுமப்பது, பின்னர் வாங்கும் உரிமை. இவற்றை எழுத்தில் வைக்கவேண்டும் என்பது பீபாவின் விதி. வேறுவிதமாக எழுதப்படாவிட்டால், இரவல் காலத்தில் தாய்க் கழகத்துடனான ஒப்பந்தக் கடமைகள் இடைநிறுத்தப்படும். சம்பளப் பொறுப்பு புதிய கழகத்தின் தலையில்.

சிக்கலும் இங்கேதான். கொட்டின்யோ போன்ற நட்சத்திரத்துக்கு இரண்டு கழகங்கள் பேரம் பேசும். கீழ்மட்ட லீக் ஒன்றுக்கு இரவல் போகும் சாதாரண வீரருக்கு, புதிய கழகம் கையை விரித்தால் வீட்டு வாடகையே கேள்விக்குறி. இரண்டு மாதச் சம்பளம் நிலுவையானால், எழுத்தில் அறிவித்து 15 நாள் அவகாசம் கொடுத்தபின் ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமையை பீபா விதிகள் வீரருக்கு வழங்குகின்றன. சம்பளம் கிடைக்காத வீரர்களுக்கென 2020 இல் பீபாவும் வீரர்களின் சர்வதேச சங்கமும் சேர்ந்து 16 மில்லியன் டொலர் நிதியம் அமைக்கவேண்டி வந்ததே, இந்த நோய் எவ்வளவு பரவியுள்ளது என்பதற்குச் சாட்சி.

கழகங்களுக்கு இரவல் என்பது கணக்குப் புத்தகத்தின் ஒரு வரி. வீரருக்கோ அது பிழைப்பு. கையெழுத்திடுமுன் அவர் கேட்கவேண்டியது, எங்கே விளையாடப் போகிறேன் என்பதை மட்டுமல்ல. புதிய கழகம் தராவிட்டால் யார் தருவார் என்பதையும்தான். அந்தப் பதில் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.