நாமினி உரிமையாளர் அல்லர்

"எல்லாத்துக்கும் நாமினி போட்டாச்சு, அப்புறம் உயில் எதுக்கு?" நன்கு படித்தவர்களும் தயங்காமல் சொல்கிறார்கள். கணவனை இழந்த எத்தனையோ பெண்கள் தங்கள் பங்கைக் கேட்காமலே இருந்துவிடுவது இந்த நம்பிக்கையால்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் வங்கி வைப்புக்கு அண்ணன் பெயரை எழுதிக் கொடுத்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். பிறகு திருமணம், இரண்டு பிள்ளைகள். படிவத்தை மாற்றும் நினைவே இல்லை. உயில் எழுதாமல் இறந்துவிடுகிறார். வைப்பில் 12 லட்சம் ரூபாய். வங்கி அதை அண்ணனிடம் கொடுக்கும். அத்துடன் வங்கியின் பொறுப்பு தீர்ந்தது. வாரிசுச் சண்டைக்குள் வங்கி சிக்காமல் இருக்கத்தான் நாமினி ஏற்பாடே. ஆனால் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அந்தப் பணம் தாய், மனைவி, இரு பிள்ளைகளுக்குத் தலா 3 லட்சம். அண்ணனுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. "தம்பி என் பேரைத்தானே எழுதினான்" என்று அவர் சொல்லிவிட்டால் அந்த வீட்டில் எதிர்த்துப் பேச ஆளிருக்காது. இந்த மௌனத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சட்டம் இதில் புதிதாக எதையும் சொல்லிவிடவில்லை. 1984லேயே சர்பதி தேவி வழக்கில் காப்பீட்டுப் பணத்துக்கு மனைவி நாமினியாக இருந்தபோதும், தாய்க்கும் மகனுக்கும் பங்கு உண்டு என்றது உச்ச நீதிமன்றம். நிறுவனப் பங்குகளுக்கும் நாமினி உரிமையாளர் ஆகமாட்டார் என்று 2023இல் சக்தி யெஸ்தானி வழக்கில் தீர்ப்பளித்தது. விலக்கு ஒன்று உண்டு: 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், ஆயுள் காப்பீட்டில் பெற்றோர், வாழ்க்கைத் துணை, பிள்ளைகள் ஆகியோரை நாமினியாக்கினால் பணம் அவர்களுக்கே உரியது. அதை வைத்துக்கொண்டு வங்கி வைப்புக்கும் அப்படித்தான் என்று முடிவு கட்டக்கூடாது. 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேரை விழுக்காடு பிரித்து நாமினியாக்கலாம். பார்க்க உயில் போலவே இருக்கும் இந்தப் படிவம் குழப்பத்தைப் பெருக்கும் என்றே அஞ்சுகிறேன்.

உயில் என்றாலே வீட்டில் முகம் சுளிக்கிறார்கள். சாவைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறதே. நாமினி கட்டத்தில் ஒரு பெயரை எழுதுவதில் அந்தச் சங்கடம் இல்லை. ஆனால் உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, இரண்டு சாட்சிகள் முறைப்படி கையெழுத்துப் போட்டால் போதும்.

நாமினி ஏற்கெனவே பணத்தை வாங்கிவிட்டாரா? அதனால் வாரிசின் உரிமை அழிந்துவிடாது. வங்கியைக் கேட்க முடியாது, வாங்கியவரைக் கேட்கலாம். கொடுக்க மறுத்தால், அவர் மைத்துனரே ஆனாலும், உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம்.